கையைக் கட்டிக்கொள், ஜிம்மி தேடட்டும்

2007-இல் மலேசியாவுக்கு இரண்டு கறுப்பு லாப்ரடார் நாய்கள் வந்தன. பெயர் லக்கி, ஃபுளோ. என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். புதுப்படம் திரைக்கு வந்த சூட்டோடு பசார் மாலாமில் அதன் திருட்டு டிவிடி கிடைத்த காலம் அது. டிவிடி செய்யப் பயன்படும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கின் வாசனையை வைத்து, மூடிய பெட்டிக்குள் இருக்கும் வட்டுகளையும் இரண்டும் கண்டுபிடித்துவிடும். அசல் எது, திருட்டு எது என்றெல்லாம் அவற்றுக்குத் தெரியாது. "இங்கே இருக்கிறது" என்று காட்டும். மிச்சம் அதிகாரிகள் பாடு. அவற்றின் தலைக்குத் திருட்டு டிவிடி கும்பல் விலை வைத்ததாகக்கூடச் செய்தி வந்தது.

மோப்ப நாய்களைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அவற்றுக்கு அது வேலையே இல்லை என்பதுதான். தேடிக் கண்டுபிடித்தால் பந்து கிடைக்கும், எஜமானரோடு விளையாட்டு கிடைக்கும். அவ்வளவுதான் சம்பளம்.

இது எங்கள் வீட்டில் உதவிக்கு வந்தது, ஜிம்மி உறுமிய பிறகு. அக்காவின் சின்னவனுக்கு ஆறு வயது. ஜிம்மி சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்திருக்கிறான். கடிக்கவில்லை. ஆனால் அன்று இரவே, நாயை யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்ற பேச்சு தொடங்கிவிட்டது. "பிள்ளையா, நாயா?" என்று அக்கா கேட்டாள். அம்மா பதில் சொல்லவில்லை. சின்னவன் அதன் பிறகு ஜிம்மி வரும் பக்கமே போகாமல் நாற்காலியில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தான்.

அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். சிறு பிள்ளைகள் கடிபடுவது பல நேரங்களில் நன்கு தெரிந்த நாயிடம்தான், அதுவும் வீட்டுக்குள்ளேயே. ஆனால் உறுமல் என்பது நாய் தரும் எச்சரிக்கை. அதை அதட்டி அடக்கிவிட்டால், அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் பல் வரும். எனவே ஜிம்மியைத் திட்டவில்லை. அது சாப்பிடும் இடத்துக்குத் தடுப்பு வைத்தோம். தட்டு காலியாகும்வரை யாரும் அந்தப் பக்கம் போகக்கூடாது. அதோடு, பிள்ளையின் கையும் நாயின் வாயும் பக்கத்தில் வராத ஒரு விளையாட்டு தேவைப்பட்டது.

டத்தோ கிராமாட் சாலைக்குப் பின்னால் எங்களுடையது ஒரு பழைய வரிசை வீடு. ஒரு கார் நிற்கிற அளவு போர்ச், பிறகு கேட். அக்கம்பக்கத்தில் மலாய்க் குடும்பங்கள் உண்டு. நாயின் எச்சில் பட்டால் அவர்கள் முறைப்படி கழுவிச் சுத்தம் செய்ய வேண்டும். அதனால் விளையாட்டு முழுக்க கேட்டுக்கு உள்ளேதான். கேட்டைப் பூட்டும் பொறுப்பு மூத்தவளுக்கு, ஒன்பது வயது.

மூன்று பள்ளிச் சப்பாத்துப் பெட்டிகளை மூடியில்லாமல் வரிசையாக வைத்தோம். ஜிம்மியை உள்ளே விட்டுவிட்டு, ஒரு பெட்டியில் அவித்த கோழித் துண்டு ஒன்றைப் போட வேண்டும். மிச்ச மசால் வடையைப் போடலாமா என்று மூத்தவள் கேட்டாள். கூடாது, அதில் வெங்காயம் இருக்கிறது. வெங்காயம், சாக்லெட், திராட்சை மூன்றும் நாய்க்கு ஆகாது.

முதல் நாள் நாய்க்கு ஒரு சிரமமும் இல்லை. பிள்ளைகளுக்குத்தான். ஜிம்மி தவறான பெட்டிப் பக்கம் போனதும் இருவரும் "அங்கே, அங்கே!" என்று விரல் நீட்டினார்கள். மனிதர் விரல் காட்டும் திசையைப் புரிந்துகொள்வதில் நாய் கெட்டிக்கார ஜீவன். விளைவு, இரண்டாவது சுற்றில் அது மோப்பம் பிடிக்கவே இல்லை; பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. அன்றிலிருந்து ஒரு சட்டம்: ஜிம்மி தேடும்போது எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். ஆறு வயதுக்காரனுக்கு இதைவிடக் கடினமான பாடம் பள்ளியில்கூட இருக்காது. வானொலியில் பேசிப் பிழைக்கும் எனக்கும் எளிதல்ல. எங்கள் தொழிலில் நான்கு விநாடி மௌனம் என்றாலே ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தம்.

ஒரு மாலை, பெட்டியைக் கதவோரம் வைத்திருந்தோம். ஜிம்மி நேராக எதிர் மூலைக்குப் போய் முகர்ந்தது. "தப்பு, தப்பு!" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு பார்த்தால் மேலே காற்றாடி சுழன்றுகொண்டிருக்கிறது. வாசனையைக் காற்று அந்த மூலையில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. ஜிம்மி தலையை உயர்த்தி, வளைந்து வளைந்து, காற்று வந்த வழியே திரும்பிப் பெட்டிக்கு வந்தது. சின்னவன் காற்றாடியையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தான். கால்கள் அப்போது தரையில் இருந்தன.

நாயின் மூக்குத் துளை ஓரத்தில் ஒரு சிறு வெடிப்பு உண்டு. விடும் மூச்சு அந்த வழியாகப் பக்கவாட்டில் போவதால், உள்ளே வரும் வாசனை கலைவதில்லை. இதைச் சொன்னதும், மூன்றடி தள்ளிப் பக்கத்தில் குந்தி, அந்த வெடிப்பைத் தேடினான். ஜிம்மியை அவன் அவ்வளவு கவனமாகப் பார்த்தது அதுவே முதல் தடவை.

பினாங்கு வெயிலில் பகலில் இதை ஆடாதீர்கள். மூச்சிரைக்கும் நாயால் ஒழுங்காக மோப்பம் பிடிக்க முடியாது. நாங்கள் இரவு ஏழரைக்கு மேல், பத்தே நிமிடம். அலுக்குமுன் நிறுத்திவிடுவோம்.

பெட்டிக்கு அடுத்த கட்டம், ஆளைத் தேடுவது. மீட்பு நாய்களும் இப்படி ஒளிந்து விளையாடித்தான் பழகுகின்றன. 2022 டிசம்பரில் பாத்தாங் காலி நிலச்சரிவில் 31 பேர் இறந்தபோது, தீயணைப்பு மீட்புத் துறையின் மோப்ப நாய்கள் அந்தச் சேற்றில் தேடியதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் முதலில் மூத்தவள் ஒளிந்தாள். மூன்று வாரம் அவள்தான்.

பிறகு ஒருநாள் சின்னவன் கோழித் துண்டு இருந்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, "சித்தி, இன்னிக்கு நான் ஒளியிறேன்" என்றான். கண்டுபிடித்ததும் துண்டைக் கையால் ஊட்டாமல் தரையில் போட வேண்டும் என்று மறுபடியும் சொல்லிக்கொடுத்தேன். அறைக்குள், கதவின் பின்னால் போய் நின்றான். நான் அறைக்குள்ளேயே கொஞ்சம் தள்ளி நின்றேன். அக்கா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டாள்.

ஜிம்மி கதவைத் தாண்டிப் போனது. நின்றது. திரும்பி வந்து, கதவிடுக்கில் மூக்கை வைத்து இரண்டு முறை இழுத்துவிட்டு, அப்படியே உட்கார்ந்தது. உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு. கோழித் துண்டு தரையில் விழுந்தது.

அக்கா இன்னும் முழுச் சம்மதம் சொல்லவில்லை. ஆனால் போன சனிக்கிழமை பசாருக்குப் போனவள், காய்கறியோடு இரண்டு காலிப் பெட்டிகளையும் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள்.