சாக்கு விரித்த இருக்கை

தாடிக்கொம்புச் சாலைக்கு மேற்கே எங்களுக்கு ஆறு ஏக்கர் செம்மண் காடு உண்டு. அதனை உழுவது முப்பதாண்டைக் கடந்த மாஸி பெர்குசன் 1035 டிராக்டர். சென்னையில் 1960-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற டாஃபே நிறுவனத்தின் வண்டி. எங்கள் தந்தையார் வாங்கியது. அவர் மறைந்த பின்னும் அதன் எஞ்சின் சளைக்கவில்லை. சளைத்தது இருக்கைதான். உறை கிழிந்து, பஞ்சு உதிர்ந்து, அடித்தகடு துருவேறி ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. சாக்கு ஒன்றை நான்காக மடித்து அதன்மேல் போட்டு அமர்ந்து ஓட்டி வந்தார் ஓட்டுநர் அண்ணன். நாங்கள் சிறுவர்களாயிருந்த நாள்தொட்டு அவரே ஓட்டுகிறார்.

“சீட்டை மாத்தணும் தம்பி” என்று அவர் பலமுறை சொன்னதுண்டு. டயருக்கும் எண்ணெய்க்கும் தாராளமாய்ச் செலவிட்ட எங்களுக்கு இருக்கைக்குப் பணம் எடுக்க மனம் வரவில்லை. வண்டி ஓடுகிறதே என்பது எங்கள் கணக்கு.

சென்ற புரட்டாசியில் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். பெய்த மழையின் ஈரம் காயுமுன் உழுதாக வேண்டுமே! சகோதரர்கள் நாங்களே மாறி மாறி ஓட்டினோம். ஆளுக்கு இரண்டு மணி நேரந்தான். அன்றிரவு குனிந்து கால் கழுவ இயலவில்லை. இதனையா அவர் நாள்முழுதும், ஆண்டுக்கணக்காய்த் தாங்கினார் என்றெண்ணியபோது வெட்கமாயிருந்தது.

நிற்க. காரணத்தையும் கேட்டறிந்தோம். லாரிக்கு இருப்பதுபோல் டிராக்டரின் பின்சக்கரங்களுக்குப் பட்டை கிடையாது. டயரிலுள்ள காற்று ஒன்றே மெத்தை. கட்டியும் சரளையுமான நிலத்தில் வண்டி நொடிக்கு இரண்டு முதல் ஐந்து முறை வரை குதிக்கிறது. அமர்ந்திருக்கும் மனிதனின் முதுகெலும்பையோ நொடிக்கு நான்கு முதல் எட்டு வரையிலான அதிர்வே மிகுதியாகத் தாக்குமாம். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. வெறும் பஞ்சு மெத்தை இதற்குப் போதாது. சிலவேளை ஆட்டத்தைக் கூட்டியும் விடும். மெதுவாய் அசையும் வில்லும், அந்த அசைவை அடக்கும் ஷாக் அப்சார்பரும் இருக்கைக்கு அடியில் வேண்டும்.

அத்தகைய இருக்கை ஒன்றைத் திண்டுக்கல்லில் வாங்கினோம். வாங்குவது எளிது, பொருத்துவதுதான் பாடு. பழைய போல்ட்டுகளுக்கு ஓரிரவு முழுதும் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தும் ஒன்று முறிந்தே வந்தது. புதிய இருக்கையின் துளைகளும் வண்டியின் துளைகளும் சேரவில்லை. புதிதாய்த் துளையிடலாமென்று நாங்கள் அவசரப்பட்டோம். லேத் பட்டறைக்காரர் தடுத்துவிட்டார். இருக்கைக்கு அடியில் இருப்பது ஹைட்ராலிக் பெட்டி. அங்கே துளைத்தால் இரும்புத்தூள் எண்ணெயில் விழுந்து வேறு செலவைக் கொண்டுவரும் என்றார். பூட்டுத் தொழிலில் அரம் பிடித்துப் பழகிய கை அவருடையது. கனத்த தகடு ஒன்றை வெட்டி, இரண்டு அளவுக்கும் துளையிட்டு, நடுவே வைத்து முடுக்கினார். வலப்புறமுள்ள ஹைட்ராலிக் நெம்புகோலில் இருக்கை இடிக்காதபடி ஓரத்தையும் அராவிக் கொடுத்தார்.

நாங்கள் அமர்ந்து பார்த்தோம், ஊஞ்சல்போல் இருந்தது. பெருமையுடன் அண்ணனை அழைத்து வந்து ஏற்றினோம். காட்டை ஒரு சுற்று சுற்றி வந்து இறங்கியவர் ஒன்றும் பேசவில்லை. வற்புறுத்திக் கேட்டபின், “கிளச்சு முழுசா அமுங்கல தம்பி, கால் எட்டல. சீட்டும் ஆடவே இல்லியே” என்றார்.

உண்மைதான். பழையதைவிட நான்கு விரற்கடை உயரமாக வைத்துவிட்டோம். வில்லை எடைக்கேற்ப இறுக்கவும் தளர்த்தவும் முன்புறத்தில் ஒரு திருகு இருந்தது. எங்கள் கனத்த உடம்புக்குத் திருகிவிட்டு, மெலிந்த மனிதரை அதில் அமர்த்தியிருந்தோம். மறுநாள் பழைய தாங்கியை அடியோடு கழற்றிவிட்டு, இருக்கையைத் தகட்டின்மேலேயே தாழ்த்தி அமர்த்தினோம். திருகை அவரையே அமர்ந்து சரிசெய்யச் சொன்னோம்.

இப்போது அவர் அரைநாள் மட்டும் ஓட்டுகிறார். வலி முற்றும் நீங்கவில்லை. தேய்ந்தது தேய்ந்ததுதான் என்கிறார் மருத்துவர். ஐந்தாண்டுக்கு முன்பே மாற்றியிருக்கலாம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து இதுவரை நாங்கள் கேட்கவில்லை. சாக்கை மட்டும் அவர் எறியவில்லை. கறுப்பு ரெக்சின் வெயிலில் சுடுகிறதாம். வண்டியை நிறுத்தும்போது அதன்மேல் விரித்துவிட்டுப் போகிறார்.