பதினேழரை வயதுப் பையன்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கும் மாலைக் காபிக்கும் நடுவில், என் மகனிடம் பதினோரு முறை உதை வாங்கினேன். பதற வேண்டாம், டி.வி. திரையில்தான்.

அவன் நண்பனிடமிருந்து ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’ என்ற வீடியோ கேம் டிஸ்க்கை மூன்று நாள் இரவல் வாங்கி வந்திருந்தான். சொந்தமாக ஒன்று வேண்டுமாம். சில ஆயிரம் ரூபாய் சமாச்சாரம். ப்ளஸ் டூ பரீட்சை வேறு எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

“உன்கிட்டதான் ஏற்கெனவே ஒண்ணு இருக்கே?”

“அது அஞ்சு. இது ஆறு.”

“அதே ரியூ, அதே கென், அதே குத்து, அதே உதை. நம்பரை மாத்தினா புதுசாயிடுமா? நேத்து வெச்ச குழம்புல கறிவேப்பிலை கிள்ளிப் போட்ட மாதிரி இருக்கு.”

“அப்பா, இது வேற கேம்ப்பா. நீங்க ஆடிப் பாருங்க. அப்புறம் சொல்லுங்க.”

ஆடிப் பார்த்தேன். மேற்படி பதினொன்று.

இந்த வகை ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. திரையில் இரண்டு பேர் எதிரெதிரே நிற்பார்கள். தலைக்கு மேல் ஆளுக்கொரு உயிர்க்கோடு. அடி விழ விழ அது குறையும். யாருடையது முதலில் தீர்கிறதோ அவர் அவுட். கதை, கருத்து எதுவும் தேவையில்லை. இருக்கிறது என்பார்கள். நான் கவனித்ததில்லை.

தோற்றதில் எனக்கு ஏன் இத்தனை வருத்தம் என்றால், நான் இதில் ஒரு காலத்தில் கில்லாடி. 1993. கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு மெட்ராஸில் ஒரு வணிக வளாகத்தின் மாடியில், டோக்கன் வாங்கிப் போட்டு ஆடும் இயந்திரத்தின் முன்னால் வரிசையில் நின்றவன். கென் என்கிற மஞ்சள் முடிக்காரன் துள்ளி எழும்பி மோவாயில் குத்துகிற ஒரு வித்தை உண்டு. ஷோர்யூக்கென் என்று ஜப்பானியப் பெயர். எங்கள் கும்பலில் அவரவர் காதில் விழுந்தபடி கூப்பிடுவோம். அதை வரவழைக்க ஸ்டிக்கை முன்னால், கீழே, குறுக்கே என்று ஒரே இழுப்பில் இழுத்துக் குத்துப் பட்டனைத் தட்ட வேண்டும். இது கைக்கு வர எனக்கு இரண்டு மாதமும், வீட்டில் புத்தகத்துக்கென்று கொடுத்த பணத்தில் கணிசமான பகுதியும் செலவாயின.

ஒரு நாள் போனால் இயந்திரத்தில் ஏதோ மாறியிருந்தது. கென் ஆகாயத்தில் எம்பியபடியே நெருப்புப் பந்து எறிந்தான். அதுவும் ஒன்றில்லை, கூட்டம் கூட்டமாக. ஆட்டத்தின் நடுவிலேயே ஸ்டார்ட் பட்டனை அமுக்கினால் ஆள் மாறிவிடும். “புது பார்ட் வந்திருக்கு” என்றார் டோக்கன் கொடுப்பவர். நம்பினோம். அது கேப்காம் கம்பெனி போட்டதே இல்லை, யாரோ கள்ளத்தனமாகக் கை வைத்த ‘ரெயின்போ எடிஷன்’ என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அதைப் பற்றி நொந்துகொள்ள வேண்டாம். அசல் கம்பெனி செய்தது மட்டும் என்ன? முதல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ 1987-ல் வந்தது. அதில் பட்டனுக்குப் பதில் இரண்டு பெரிய மெத்தைப் பட்டைகள். எவ்வளவு ஓங்கி அடிக்கிறீர்களோ அவ்வளவு பலமாகக் குத்து விழும். நல்லவேளை, கை வீங்குவதற்குள் ஆறு பட்டன்களுக்கு மாறினார்கள். 1991-ல் இரண்டாம் பாகம். இதுதான் உலகத்தை ஆட்டிவைத்தது. எட்டு பேர், எட்டு பேருக்கும் எட்டு விதமான சண்டை. அதில் ஒருவர் நம்ம ஊர் யோகி, தால்சிம். கழுத்தில் மண்டையோட்டு மாலை, ரப்பர் போல் நீளும் கை, வாயில் நெருப்பு, பின்னணியில் யானைகள். ஜப்பானியர்களுக்கு யோகாசனம் பற்றி யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

இரண்டுக்கு அப்புறம் மூன்றுதானே வர வேண்டும்? 1992-ல் வந்தது ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2: சாம்பியன் எடிஷன்’. அதே வருடக் கடைசியில் ‘2 டர்போ’. 1993-ல் ‘சூப்பர் 2’. 1994-ல் ‘சூப்பர் 2 டர்போ’. கேப்காமுக்கு மூன்று வரை எண்ணத் தெரியாது என்ற ஜோக் அந்தக் காலத்து ஆட்டக்காரர்களிடையே பிரசித்தம். ஒருவழியாக 1997-ல்தான் எண்ணினார்கள்.

இதில் எது புது ஆட்டம், எது கறிவேப்பிலை?

படத்தை வைத்துச் சொன்னால் ‘சூப்பர் 2’தான் புதுசு. நான்கு புது ஆட்கள், புது வண்ணம், புது ஒலி. ‘டர்போ’வில் புது ஆளே கிடையாது. வேகத்தைக் கூட்டினார்கள், சிலருக்கு ஓரிரு வித்தை சேர்த்தார்கள். தால்சிம் சட்டென்று மறைந்து வேறிடத்தில் முளைப்பது அதில்தான் வந்தது. அவ்வளவுதான். ஆனால் ஆடியவர்களைக் கேளுங்கள். வேகம் கூடியதும் பழைய கணக்கெல்லாம் தப்பிவிட்டது. நெருப்பைப் பார்த்துவிட்டுத் தாண்டலாம் என்றிருந்தவன், பார்க்கும்போதே வாங்கினான். ‘சூப்பர் 2’ வந்தபோது நான்கு புது முகங்களைப் பார்த்து எல்லோரும் ஆவலாக உட்கார்ந்தால், ஆட்டம் பழையபடி மெதுவாகிவிட்டிருந்தது. முகம் சுளித்தார்கள். அடுத்ததில் வேகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. இதில் வேடிக்கை, ‘டர்போ’வுக்கான யோசனையைக் கிளப்பிவிட்டதே அந்த ரெயின்போ மாதிரிக் கள்ளப் பதிப்புகள்தான். ஜனங்கள் வேகத்துக்கு அலைகிறார்கள் என்று திருடனைப் பார்த்து முதலாளி தெரிந்துகொண்டார்.

இந்தக் கேள்வி கோர்ட்டுக்கே போயிருக்கிறது, தெரியுமோ? பாகங்களுக்கு நடுவில் அல்ல, கம்பெனிகளுக்கு நடுவில். டேட்டா ஈஸ்ட் என்ற கம்பெனி 1984-ல் ‘கராத்தே சேம்ப்’ என்று ஓர் ஆட்டம் போட்டது. எபிக்ஸ் என்ற இன்னொரு கம்பெனி அதே போல் ஒரு கராத்தே ஆட்டம் விற்க, அமெரிக்காவில் வழக்கு. கீழ்க்கோர்ட்டில் டேட்டா ஈஸ்ட் ஜெயித்தது. 1988-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. வெள்ளை உடை, நடுவர், குத்து, உதை எல்லாம் கராத்தேயில் இருப்பவை. அதற்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது என்றார்கள். இதில் எனக்குப் பிடித்த பகுதி: இந்த ஆட்டத்தை வாங்குபவர்களின் சராசரி வயது பதினேழரை என்று வழக்கில் பதிவாகியிருந்தது. விவரம் தெரிந்த ஒரு பதினேழரை வயதுப் பையனின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியுமா என்று நீதிபதிகள் கேட்டுக்கொண்டு, தெரியாது என்று முடிவு செய்தார்கள்.

இதற்கு ஒரு பின்பாட்டும் உண்டு. 1993-ல் டேட்டா ஈஸ்ட் ‘ஃபைட்டர்ஸ் ஹிஸ்டரி’ என்று ஒன்று கொண்டுவந்தது. பார்த்தால் ஸ்ட்ரீட் ஃபைட்டரின் ஒன்றுவிட்ட தம்பி. கேப்காம் கோர்ட்டுக்கு ஓடியது. 1994-ல் தடை உத்தரவு மறுக்கப்பட்டது, கிட்டத்தட்ட அதே தர்க்கத்தில்: குத்தும் உதையும் பொதுச் சொத்து. அன்று தன்னைக் கவிழ்த்த வாதம் இன்று டேட்டா ஈஸ்ட்டைக் காப்பாற்றியது. வக்கீல்கள் இரண்டு தடவையும் ஃபீஸ் வாங்கியிருப்பார்கள்.

என் மகனுக்குப் பதினேழு முடிந்து ஆறு மாதம் ஆகிறது. சட்டப்படி என்னைவிட அவன் கண்ணுக்குத்தான் மதிப்பு அதிகம் என்பது எனக்கு அன்று ஞாபகம் வந்து தொலைத்தது.

சரி, மூன்றாம் பாகத்துக்கு வருவோம். 1997-ல் வந்தபோது கேப்காம் கொஞ்சம் அதிகமாகவே துணிந்துவிட்டது. பழைய ஆட்களில் ரியூவையும் கென்னையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஜனங்களின் செல்லமான சுன்-லி கிடையாது. நம்ம தால்சிம் கிடையாது. புதுசு புதுசு என்று கேட்டவர்கள் புதுசைப் பார்த்ததும் “எங்க ஆளுங்க எங்கே?” என்றார்கள். 1999-ல் ‘தேர்ட் ஸ்ட்ரைக்’ என்ற மூன்றாவது பதிப்பில்தான் சுன்-லி திரும்பினாள்.

ஆள் மாற்றத்தை விடுங்கள். உள்ளே அவர்கள் செய்த சின்ன விஷமம்தான் பெரியது. 1987-லிருந்து இந்த ஆட்டத்தில் தற்காப்பு என்றால் ஸ்டிக்கைப் பின்னால் இழுப்பது. அடி வருகிறது, பின்னால் இழு. யோசிக்காமல் கை செய்யும். மூன்றாம் பாகத்தில், அடி வந்து சேரும் அந்தக் கணத்தில் ஸ்டிக்கை முன்னால் தட்டினால் அடி உங்களை ஒன்றும் செய்யாது, உடனே திருப்பி அடிக்கலாம் என்று வைத்தார்கள். துளி முந்தினாலோ பிந்தினாலோ முழு அடியும் உங்களுக்கு. அதாவது, பாம்பைப் பார்த்ததும் ஓர் எட்டு அதை நோக்கி வையுங்கள் என்கிற மாதிரி.

இதை நம்பாதவர்கள் 2004-ல் அமெரிக்காவில் நடந்த ஈவோ போட்டியின் ஒரு வீடியோ துண்டைப் பார்க்க வேண்டும். ஜப்பானின் டைகோ உமெஹாரா கென் வைத்து ஆடுகிறார். எதிரே ஜஸ்டின் வாங், சுன்-லி. உமெஹாராவின் உயிர்க்கோட்டில் ஒரு மயிரிழைதான் மிச்சம். பின்னால் இழுத்துத் தடுத்தாலும் இந்த மாதிரிப் பெரிய அடி கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும்; மயிரிழைக்கு அதுவே போதும். வாங், சுன்-லியின் உச்சபட்ச உதையை அவிழ்த்துவிடுகிறார். வரிசையாகப் பதினைந்து அடி. உமெஹாரா ஒவ்வொன்றுக்கும் முன்னால் தட்டுகிறார். கடைசி உதையை எம்பி அந்தரத்தில் வாங்கி, இறங்கி வந்து, திருப்பி அடித்து முடித்துவிடுகிறார். அரங்கத்தில் எழும் சத்தத்துக்கு நம்ம சேப்பாக்கம் தோற்றது. இத்தனைக்கும் உமெஹாரா அந்தப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் தோற்றுத்தான் போனார். அது யாருக்கும் ஞாபகமில்லை.

இரண்டாம் பாகத்தின் எந்தப் பதிப்பிலும் இப்படி ஒரு காட்சி நடந்திருக்க முடியாது. அதே கென், அதே சுன்-லிதான். ஆனால் அங்கே தடுத்தே செத்திருப்பான். என் கணக்கில் இதுதான் புதுசு. நேற்று ஜெயித்தவனின் கை இன்று அவனையே காட்டிக்கொடுத்தால் அது புது ஆட்டம். மற்றபடி முகத்தையும் மரத்தையும் எவ்வளவு அழகாக வரைந்தாலும் பெயிண்ட் அடித்த பழைய வீடுதான். சதுரங்கத்தில் மந்திரிக்கு முதலில் குறுக்கே ஒரு கட்டம்தான் நகர அனுமதி. பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில் அவரை ராணியாக்கி, எட்டுத் திசையும் போகலாம் என்று விட்டார்கள். பலகை அதே அறுபத்துநாலு கட்டம். பழைய ஆட்டக்காரர் ஒருவர் அன்று எத்தனை நிமிடத்தில் தோற்றிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

புதுசா என்பது வேறு, அதற்கு முழு விலை கேட்கலாமா என்பது வேறு. வேகத்தைக் கூட்டிவிட்டு மறுபடி கல்லாவைத் திறந்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன். 2023-ல் வந்த இந்த ஆறாம் பாகத்தில், இரண்டாம் பாகத்தின் எட்டுப் பேரும் ஆஜர். கென்னைத் தேர்ந்தெடுத்தேன். தாடி வைத்து, தூங்காதவன் மாதிரி இருந்தான். என்னைப் போலவே அவனுக்கும் முப்பது வருடம் ஓடியிருக்கிறது. முன்னால், கீழே, குறுக்கே, குத்து. பாய்ந்தான்! என் கை மறக்கவில்லை. “சூப்பர்ப்பா” என்றான் மகன். அதோடு சரி. உயிர்க்கோட்டுக்குக் கீழே ஆறு பச்சைக் கட்டங்கள் இருக்கின்றன. தடுத்தால் குறைகிறது, சிறப்பு அடிக்குக் குறைகிறது, தீர்ந்துபோனால் உங்கள் ஆள் களைத்து நிற்கிறான். நான் பழைய ஞாபகத்தில் தடுத்துக்கொண்டே மூலையில் பதுங்கினேன். அவன் என் அடியை வாங்கிக்கொண்டே சாயம் தெறிக்க முன்னால் வந்து, சுவரோடு சேர்த்து அப்பினான்.

அதுகூடப் பரவாயில்லை. எட்டாவது ஆட்டத்தில்தான் கவனித்தேன். அவனும் கென், அவனும் அதே துள்ளல் குத்து. ஆனால் அவன் விரல் எதையும் இழுக்கவில்லை.

“எப்படிடா போடறே?”

“மாடர்ன் கன்ட்ரோல்ப்பா. முன்னாடி அழுத்தி இந்த ஒரு பட்டன். அடி கொஞ்சம் கம்மியா விழும், அவ்வளவுதான்.”

இரண்டு மாதம். புத்தகக் காசு. ஒரு பட்டன்.

“இது போங்கு” என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் சின்னப் பையன் குரலாகக் கேட்டது.

“போங்கு இல்லப்பா. குத்தறது ஈஸி. எப்பக் குத்தணும்கறதுதான் கேமே. நீங்க குத்து வந்துடுச்சான்னு பாக்கறீங்க. நான் உங்களைப் பாக்கறேன்.”

பதில் சொல்லத் தெரியாமல் காபி குடிக்கப் போய்விட்டேன்.

அன்று ராத்திரி பதினொன்றரைக்கு, ஒலியை அணைத்துவிட்டு, தனியாக உட்கார்ந்து அந்தப் பச்சைக் கட்டங்களை எப்படிச் சேமிப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி தண்ணீர் குடிக்க வந்தவள், “காலைல அவனைத் திட்டினீங்க?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமை, பள்ளிக்குக் கிளம்பும்போது மகன் டிஸ்க்கைப் பையில் வைத்தான். “இன்னிக்குத் திருப்பிக் கொடுக்கணும்ப்பா.”

“வெள்ளிக்கிழமை வரைக்கும் கேட்டுப் பாரேன்” என்றேன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.