பின் இருக்கையில் கேட்ட ஓசை

பாடத்திட்டம், தேர்வு என்றே எழுதிவரும் நான் இன்று மகிழுந்து பற்றி எழுதுகிறேன். பிள்ளைகள் வேலைக்குச் சேர்ந்ததும் முதலில் எதன்மீது ஆசைப்படுகிறார்கள் என்பதை அறிந்த பெற்றோர் வியப்படைய மாட்டார்கள்.

என் அக்காள் மகன் பட்டர்வொர்த் சரக்குப் பெட்டக முனையத்தில் பணிபுரிகிறான். ஜப்பானிலிருந்து வந்த, நான்கு சக்கரங்களும் இழுக்கும் பழைய விரைவு மகிழுந்து ஒன்றைப் பார்த்துவிட்டு, 3,000 ரிங்கிட் முன்பணமும் கட்டிவிட்டான். அக்காள் இரண்டு வளையல்களை அடகு வைத்துக் கொடுத்த பணம் அது. அதன் பிறகுதான், "மாமா, விலை பேச வாருங்கள்" என்று என்னை அழைத்தான்.

எனக்கு என்ன தெரியும்? ஆகவே பிறையில் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவரையும் அழைத்துச் சென்றேன். இயந்திரத்தைத் திறந்து பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "சார், முதலில் பாலத்தில் ஓட்டிப் பார்ப்போம்" என்றார்.

பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர் நீளம்; வேக வரம்பு 80. ஒரே சீரான வேகத்தில் ஓட்டிக் காது கொடுத்துக் கேட்க அதைவிட நல்ல இடம் இங்கில்லை. முன்னால் அமர்ந்த மருமகனுக்குப் புகைக்குழாயின் உறுமல் மட்டுமே கேட்டது. பின் இருக்கையில் இருந்த எனக்கோ காலடியில் மெல்லிய ஊளைச் சத்தம். முடுக்கியை மிதித்தால் ஒரு சுருதி, விட்டால் வேறொரு சுருதி. சக்கரத் தாங்கி தேய்ந்திருந்தால் வண்டியை இடமும் வலமும் லேசாக வளைக்கும்போதுதான் சத்தம் மாறுமாம். முடுக்கிக்கு ஏற்ப மாறினால் டிஃபரென்ஷியலின் பற்சக்கரங்களையே ஐயுற வேண்டுமாம்.

டிஃபரென்ஷியல் என்பது பின் அச்சின் நடுவே உள்ள பற்சக்கரப் பெட்டி. இரு மாணவர்களைக் கைகோத்துத் திடலின் மூலையில் திரும்பச் சொல்லுங்கள். உள்ளே நிற்பவன் மெல்ல நடப்பான், வெளியே இருப்பவன் ஓட வேண்டியிருக்கும். அந்த வேறுபாட்டுக்கு இடம் கொடுப்பதே இதன் வேலை. விரைவு வண்டிகளில் ஒரு சக்கரம் மட்டும் வீணே சுழலாமலிருக்க உராய்வுத் தகடுகளும் உண்டு. மிட்சுபிஷி நிறுவனம் 1996-இல் நான்காம் தலைமுறை லான்சர் இவோலூஷனில், இடம் வலமாக விசையைப் பகிரும் நீரியல் அமைப்பையே பின் அச்சில் பொருத்தியது. நுட்பம் கூடக் கூடப் பழுதுபார்க்கும் செலவும் கூடும் அல்லவா!

"இந்த மாதிரி வண்டியில் சத்தம் இருக்கத்தான் செய்யும்" என்றார் விற்பவர். அது பாதி உண்மை. தகடு வைத்த டிஃபரென்ஷியல், ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்து மெல்லத் திரும்பும்போது 'கடக்' என்று ஒலிக்கலாம். நேர்ச்சாலையில் ஊளையிடக் கூடாது.

வண்டியைத் தூக்கி எண்ணெயை வடித்தோம். வடிகால் திருகின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் அச்சமில்லை. இதில் உமியளவு இரும்புச் செதில்கள்! எண்ணெயும் கூழ்போல் கெட்டியாக இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. முன்பு ஒருமுறை நான் வாங்கிய பழைய வண்டியிலும் இப்படித்தான் கெட்டி எண்ணெய் ஊற்றிச் சத்தத்தை அடக்கியிருந்தார்கள். விற்றவர் பெயர் எதற்கு? மூன்றே மாதத்தில் மலைப்பாதையில் நின்றுபோனது.

'ஹாஃப் கட்' கடையில் மாற்றுப் பெட்டி வாங்கலாமே என்றான் மருமகன். கிடைக்கும்தான். ஆனால் அதன் பல் விகிதம் முன் அச்சோடு ஒத்திருக்க வேண்டும். இல்லையேல் நான்கு சக்கர இயக்கமே சிதையும். ஜப்பானில் அது எப்படி ஓட்டப்பட்டதென்று யாருக்குத் தெரியும்? உரிமை மாற்றப் பரிசோதனையிலும் இந்த எண்ணெயை யாரும் வடித்துப் பார்ப்பதில்லை.

விற்பவர் விலையைக் குறைக்க முன்வந்தார். நான் வேண்டாம் என்றேன். முன்பணம் திரும்பவில்லை.

"அந்த மூவாயிரம் இருந்தால் பழுதுபார்த்திருக்கலாம், மாமா" என்றான். அதன் பிறகு அவன் என்னோடு பேசவில்லை. அக்காள் பேசுகிறார், வளையல்களைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. முன்பணம் கட்டுவதற்கு முன்பே என்னை அழைத்திருந்தால் என்று சொல்ல நாக்கு வரை வருகிறது. ஆனால் அவன் ஆசையைச் சொன்ன முதல் நாள், "படிப்பைப் பார்" என்று கூறிப் பேச்சை மாற்றியவன் நான்தான்.

அந்த வண்டி இன்னும் அங்கேயே நிற்கிறது. பேருந்தில் போகும்போது பார்க்கிறேன். சக்கரங்களுக்குப் புதிதாகக் கறுப்பு பூசியிருக்கிறார்கள்.