உளி படாத கல்

பொன்முடிக்குப் போகிற வண்டிகளில் பாதி கல்லாற்றில் நின்றுவிடும். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகச் சுமார் 45 கி.மீ. இதைத் தாண்டினால் மலையேறும் கொண்டை ஊசி வளைவுகள். ஊர்ப் பெயருக்கு விளக்கம் தேவையில்லை. தமிழிலும் மலையாளத்திலும் பொருள் ஒன்றுதான். ஆறு முழுக்கக் கல். மலையிலிருந்து உருண்டு, நீரில் தேய்ந்து, மூலை மழுங்கிய கற்கள். பாதிக்கு மேல் சிற்பி தொடாமலே சிவலிங்கம் போலிருக்கின்றன. ஒன்றைத் தூக்கி அரசமரத்தடியில் நட்டுக் குங்குமம் வைத்தால் அடுத்த வாரமே யாராவது விளக்கேற்றிவிடுவார்கள்.

யார் நடுகிறார்கள் என்பதுதான் இந்த மாவட்டத்தில் ஒரு காலத்தில் பெரிய கேள்வியாக இருந்தது.

1888 சிவராத்திரி. தெற்கே நெய்யாற்றங்கரை அருகே அருவிப்புரம். ஈழவர்கள் பெரிய கோயில்களுக்குள் நுழைய முடியாத காலம். சிவனைப் பிரதிஷ்டை செய்வதோ நினைத்தும் பார்க்க முடியாதது. நாராயண குரு நெய்யாற்றின் சங்கரன்குழி என்ற கயத்தில் இறங்கி ஒரு கல்லை எடுத்துவந்தார். ஆகம அளவில்லை, உளி படவில்லை. அதையே சிவனாக நிறுவினார். எதிர்த்துக் கேட்டவர்களுக்கு, தான் வைத்தது ஈழவர்களின் சிவன் என்று சொல்லி வாயடைத்ததாகக் கேரளத்தில் கதை உண்டு. சாதிபேதமும் மதப் பகையும் இல்லாமல் எல்லோரும் சகோதரர்களாக வாழும் இடம் இது என்று அங்கே எழுதிவைத்தார். திருவிதாங்கூர் அரசு தன் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட அதற்குப் பிறகும் 48 ஆண்டுகள் ஆயின.

வேடிக்கை என்னவென்றால், தலைநகரின் பத்மநாபசுவாமியும் ஆற்றுக் கல்தான். நேபாளத்தின் கண்டகி நதியிலிருந்து வந்த 12,008 சாளக்கிராமங்களை அடுக்கி, மேலே கடுசர்க்கரை யோகம் என்ற மூலிகைக் கலவை பூசிய 18 அடித் திருமேனி. (இதனால் மூலவருக்கு நீராட்டு கிடையாது.) சாளக்கிராமத்தை உடைத்தால் தெரிகிற சக்கரம், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த உயிரினத்தின் ஓடு. இமயம் கடலடியாக இருந்ததற்குச் சாட்சி. சன்னிதிக்கு முன்னால் ஒரே பாறையில் செய்த ஒற்றைக்கல் மண்டபம். அதில் விழுந்து வணங்கும் உரிமை மன்னருக்கு மட்டும். அங்கே அரசு செலவழித்து ஆற்றுக் கல்லைக் கொண்டுவந்தது. அருவிப்புரத்தில் ஒருவர் தண்ணீருக்குள் கையை விட்டார்.

உளி படாத கல்லின் மீதுள்ள மரியாதை நம் ஊரோடு நிற்பதில்லை. பைபிளின் யாத்திராகமம், பலிபீடத்தை வெட்டிய கல்லால் கட்டக்கூடாது, கருவி பட்டால் அது தீட்டு என்கிறது. மக்காவில் காபாவின் மூலையில் பதித்த கருங்கல்லை ஹஜ் போகிறவர்கள் முத்தமிடுகிறார்கள். ஆனால் கலீபா உமர், அது நன்மையோ தீமையோ செய்யாத வெறும் கல், நபிகள் முத்தமிட்டதால்தான் தானும் முத்தமிடுவதாக, அதன் எதிரிலேயே சொன்னார் என்பது ஹதீஸ். கல்லைத் தொடுகிறவர்களில் இவ்வளவு தெளிவாகப் பேசியவர்கள் குறைவு.

குருவும் கல்லோடு நிற்கவில்லை. 1921இல் திருச்சூர் அருகே காரமுக்கில் விக்கிரகத்துக்குப் பதில் விளக்கை வைத்தார். 1927இல் சேர்த்தலை அருகே களவங்கோட்டில் கண்ணாடி. கும்பிடப் போனவர் தன் முகத்தைப் பார்க்க வேண்டியதுதான். இவ்விரண்டுக்கும் நடுவில், 1922இல், முருக்கும்புழாவில் சத்தியம், தர்மம், தயை, சாந்தி என்ற நான்கு சொற்கள்.

முருக்கும்புழா இருப்பது கடினங்குளம் காயல் கரையில். கல்லாற்றுத் தண்ணீர் வாமனபுரம் ஆறாகி அந்தப் பக்கமாகத்தான் முதலப்பொழியில் கடலைச் சேர்கிறது. கற்கள் அவ்வளவு தூரம் போவதில்லை. விதுராவுக்கு மேலேயே தங்கிவிடுகின்றன.