எரிந்த காயில் சொல்லும் காரணம்

கோவை கணபதிப் பக்கம் மோட்டார் பட்டறைகளும் லேத்துகளும் நெருக்கியடித்து நிற்கும் தெருக்களில் ஒன்றில் அந்த டிரான்ஸ்பார்மர் பழுதுபார்க்கும் பட்டறை இருக்கிறது. நான் போன அன்று ஒரு லாரி நிறைய எரிந்த டிரான்ஸ்பார்மர்கள் வந்து இறங்கின. எல்லாம் நம் தெருமுனையிலும் வயல் ஓரத்திலும் இரட்டைக் கம்பத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் ரகம். 11,000 வோல்ட்டை வாங்கி 433 வோல்ட்டாகக் குறைத்துத் தருபவை. ஆயிலை வடித்தார்கள். மூடியின் போல்ட்டுகளைக் கழற்றினார்கள். செயின் பிளாக்கில் மாட்டி உள்ளே இருந்த இரும்புக் கோரையும் அதன்மேல் சுற்றிய காயிலையும் மேலே தூக்கியதும், கருகிய காகித நெடி பட்டறை முழுக்கப் பரவியது.

“காயிலைப் பார்த்தாலே எப்படிப் போச்சுன்னு தெரிஞ்சுருமுங்க தம்பி” என்றார் மூத்த வைண்டர். மோட்டார் காயில் கட்டுவதில் தொடங்கி இந்த வேலைக்கு வந்தவர். 1932இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகு மில்லும் மோட்டாருமாக வளர்ந்த ஊர் இது. காயில் கட்டும் கைகளுக்கு இங்கே ஒருபோதும் பஞ்சம் இருந்ததில்லை.

வரிசையாகக் காட்டிக்கொண்டே வந்தார். மூன்று பேஸ் காயில்களும் ஒரே சீராகக் கறுத்து, தொட்டால் காகிதம் பொடியாக உதிர்ந்தால், அது நாள்பட்ட ஓவர்லோடு. அந்த ஊரில் வீடும் பம்புசெட்டும் பெருகியிருக்கின்றன, டிரான்ஸ்பார்மர் மட்டும் பழையதே இருந்திருக்கிறது. ஒரே ஒரு காயிலில், அதுவும் லைன் வந்து சேரும் முனைச் சுற்றுகளில் பொத்தல் விழுந்திருந்தால் இடி இறங்கியது. தொட்டியின் அடியில் துருவும் சேறுமாக இருந்தால் தண்ணீர் புகுந்தது. மூச்சுக்குழாய் போலக் காற்றை உள்ளே விடும் பிரீதரில் ஈரத்தை உறிஞ்சும், நீலமாக இருக்க வேண்டிய சிலிக்கா ஜெல் எப்போதோ வெளிறி இளஞ்சிவப்பாகியிருக்கும். அதை மாற்ற யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

நான்காவதன் முன் நின்றார். காயில் கருகவில்லை, இடம்பெயர்ந்து, கோணலாகப் பிதுங்கி, இடையில் வைத்த அட்டைத் துண்டுகள் தெறித்துக் கிடந்தன. “இது தானாப் போகலைங்க. பியூஸ் போயிருக்கோணும். அது போகலை, அதனால காயில் போச்சு” என்றார்.

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அவர் சொன்னதன் கனம் புரியும். 100 கேவிஏ டிரான்ஸ்பார்மரின் எல்.டி. (குறைந்த அழுத்த) பக்கம் முழுச் சுமையில் ஓடுவது சுமார் 133 ஆம்பியர். கிளை முறிந்து விழுந்தோ, காற்றில் கம்பிகள் பின்னியோ டிரான்ஸ்பார்மர் அருகிலேயே ஷார்ட் ஆனால், அதன் இம்பீடன்ஸ் (கரண்டைத் தடுக்கும் அளவு) நாலரை சதவீதம் என்பதால், அந்தக் கரண்ட் 22 மடங்கு எகிறும். கிட்டத்தட்ட 3,000 ஆம்பியர். காயிலின் மேல் விழும் விசையோ கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவது. ஏறக்குறைய 500 மடங்கு. உள்ளே இருக்கும் எல்.டி. சுற்றைக் கோரை நோக்கி அமுக்கும், வெளியே இருக்கும் ஹெச்.டி. (உயர் அழுத்த) சுற்றைப் புறத்தே தள்ளும். இந்த விசை தலைகாட்டிய கணமே அறுந்து விலகத்தான் பியூஸில் மெல்லிய கம்பி போடுகிறார்கள். அடிக்கடி போகிறதே என்று யாரோ ஏறி, தடித்த கம்பியை நாலு இழை முறுக்கிக் கட்டிவிட்டால், அந்த அடி முழுக்கக் காயிலுக்குத்தான்.

அப்போது டிரான்ஸ்பார்மருக்குத் துணை நிற்பது ஒன்றே ஒன்று: சுற்றியவரின் கை. மூத்த வைண்டர் ஹெச்.டி. காயில் சுற்றுவதை வெகுநேரம் பார்த்தேன். மோட்டார் ஓட்டும் சுற்றுமிஷின்தான். வேகம் காலடிப் பெடலில். ஆனால் காகிதம் போர்த்திய கம்பி அவர் உள்ளங்கையில் மடித்த துணிக்குள் புகுந்துதான் அச்சின் மேல் ஏறுகிறது. இறுக்கம் அந்தப் பிடியில் இருக்கிறது. கூடுதலாக இழுத்தால் காகிதம் கிழியும், குறைத்தால் சுற்று தளரும். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு தாள், முனையில் ஒரு மடிப்பு, பிறகு அடுத்த அடுக்கு. எல்.டி. பக்கம் ஒரு சுற்று என்றால் ஹெச்.டி. பக்கம் 44 சுற்று என்பதால், ஒரு பேஸுக்கே ஆயிரக்கணக்கில் போகும். எண்ணிக்கை காட்ட மீட்டர் உண்டு. இறுக்கத்தைக் காட்ட இவர் கையைத் தவிர எதுவும் இல்லை. பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் அவர் முனை மடிக்கும்போது மட்டும் பேச்சை நிறுத்தினார்கள்.

கோர் அடுக்குகிறவர்களின் வேலை வேறு மாதிரி. சுமார் கால் மில்லிமீட்டர் கனமே உள்ள சிலிக்கான் இரும்புத் தகடுகளை மூலை சேரும்படி ஒவ்வொன்றாகச் செருக வேண்டும். விளிம்பு பிளேடு மாதிரி வெட்டும். சுத்தியலால் ஓங்கித் தட்டக்கூடாது. தகட்டில் அடியோ வளைவோ ஏற்பட்டால் அதன் காந்தக் குணம் கெட்டு, சுமையே இல்லாத நள்ளிரவிலும் அந்த டிரான்ஸ்பார்மர் கூடுதல் மின்சாரம் தின்னும். ஆண்டு முழுக்க, இரவு பகலாக.

பிறகு சூளையில் காயவைப்பு. காகிதம் குடித்த ஈரம் போய், காப்பைச் சோதிக்கும் மெகர் காட்டும் அளவு ஏறி நிலைக்கும்வரை இறக்க மாட்டார்கள். ஆயிலை 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்து மின்னழுத்தம் ஏற்றிப் பார்க்கிறார்கள். 30 கிலோவோல்ட்டுக்குக் கீழே பொறி அடித்தால் அது திரும்ப ஃபில்டருக்குப் போக வேண்டும்.

மாடியில் சி.டி. சுற்றும் பிரிவு. பெரிய இணைப்புகளில் ஓடும் கரண்டை நேராக மீட்டருக்குள் விட முடியாது. அதைக் குறைத்துக் காட்டும் வளையம்தான் சி.டி. (கரண்ட் டிரான்ஸ்பார்மர்). நான்கு பெண்கள் வளையக் கோர்களில் இனாமல் கம்பியைக் கோத்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். 200க்கு 5 என்றால், நடுவே கம்பி ஒருமுறை செல்ல, இவர்கள் சுற்ற வேண்டியது 40.

“ஒண்ணு குறைஞ்சா என்னங்கக்கா ஆகும்?”

“கரண்டு பில்லு ஏறிக்குங் கண்ணு” என்றார் மூத்தவர், கையை நிறுத்தாமல்.

உண்மைதான். 39 சுற்றாகிவிட்டால் மீட்டர் இரண்டரை சதவீதம் கூட்டிக் காட்டும். 0.5 வகுப்பு சி.டி.க்கு முழுக் கரண்டில் அனுமதித்த பிழை அரை சதவீதம் மட்டுமே. ஒரு சுற்று கூடினால் நஷ்டம் மின்வாரியத்துக்கு. ஓர் ஆலைக்கும் வாரியத்துக்கும் நடுவிலான நியாயம் இவர்கள் விரல் நுனியில் இருக்கிறது என்று சொல்வதில் மிகை எதுவும் இல்லை.

சோதனை மேசையில் ஒரு பித்தளைப் பட்டையைக் காட்டி, கரண்ட் ஓடும்போது சி.டி.யின் மீட்டர் பக்க இணைப்பைத் திறந்து விடவே கூடாது, முதலில் இதைப் போட்டு ஷார்ட் பண்ண வேண்டும் என்று இளைஞர் ஒருவர் விளக்கினார். திறந்தால் முதன்மைக் கரண்ட் மொத்தமும் கோரைக் காந்தமாக்கப் பாய்ந்து, அந்த இரண்டு முனைகளுக்கு நடுவே ஆளைக் கொல்லும் வோல்ட்டேஜ் எழும். ஐந்து ஆம்பியர்தானே என்று நினைப்பவருக்குத்தான் ஆபத்து.

1885இல் புடாபெஸ்ட்டின் கான்ஸ் ஆலையில் மூன்று பொறியாளர்கள் மூடிய கோர் டிரான்ஸ்பார்மருக்கு வடிவம் கொடுத்தார்கள்; அவர்கள் பெயர் பாடநூல்களில் இருக்கிறது. இருக்கட்டும், தகும். ஆனால் இந்தப் பட்டறையின் வைண்டர்களில் பலருக்குத் தாங்கள் கற்ற தொழிலுக்கு ஒரு சான்றிதழ்கூட இல்லை. காயில் கணக்கில் கூலி, தோளில் தீராத வலி, ஆயிலில் ஊறிய கை. சோதனையில் தேறிய டிரான்ஸ்பார்மரின் பெயர்ப்பலகையில் கேவிஏ இருக்கும், வோல்ட்டேஜ் இருக்கும், சுற்றியவர் பெயர் இருக்காது. இவர்கள் திறமையை அரசு முறையாகச் சோதித்துச் சான்று தர வேண்டும். அந்தச் சான்றுக்கு ஏற்பக் கூலியும் உயர வேண்டும். இது சலுகை அல்ல.

நம் பங்குக்கு ஒன்று உண்டு. உங்கள் தெரு டிரான்ஸ்பார்மரில் பியூஸ் மறுபடி மறுபடி போனால் அது கோளாறைச் சொல்கிறது. யாரையும் மேலே ஏறவிட்டுத் தடித்த கம்பியைக் கட்ட விடாதீர்கள். ஏறுகிறவரின் உயிருக்கும் அது ஆபத்து. மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்கு அழைத்துப் புகார் பதிவு செய்யுங்கள், ஆள் வரும்வரை விடாமல் கேளுங்கள்.