அழிக்கிறதுக்கு மட்டும் குறுக்குவழி வேணாம்!

புது பைக் எடுத்தவன் ஷோரூம்ல இருந்து நேரா எங்க போவான்? ஆக்சஸரீஸ் கடைக்குத்தான். சீட் கவர், கிராஷ் கார்டு, நாலு தெருவுக்குக் கேக்குற ஹாரன், பின்னாடி ஒரு ஸ்டிக்கர். பிரேக் எப்படிப் பிடிக்குதுன்னு மட்டும் பாத்திருக்க மாட்டான்.

பொட்டி தட்டுற நம்மாளுங்களும் அப்படித்தான். புது லேப்டாப் கைக்கு வந்த அன்னிக்கே எடிட்டரை இறக்கி, "கட்டாயம் வேண்டிய 25 எக்ஸ்டென்ஷன்கள்" மாதிரி ஒரு பட்டியலைத் தேடி, வரிசையா போட்டுத் தள்ளிடுறோம். அப்புறம்தான் ஆணி புடுங்கவே ஆரம்பிக்கிறது.

எங்க டீம்ல புதுசா சேந்த தம்பி ஒருத்தன் கேட்டான், "அண்ணா, கிட்டுக்கு எந்த எக்ஸ்டென்ஷன் போடணும்? ஷார்ட்கட்டுக்கு எது போடணும்?" ரெண்டு பேரைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனா சொல்ல வேண்டியது அதைவிட நிறைய இருக்கு. அதான் இந்தப் பதிவு. விஎஸ் கோடை வச்சே சொல்றேன். நம்மள்ல பாதிப் பேருக்கு மேல அதுலதான் குடித்தனம்.

முதல்ல, உள்ளேயே என்ன இருக்குன்னு பாருங்க. 2015ல மைக்ரோசாஃப்ட் இதை வெளியிட்டப்பவே கிட் வசதி கூடவே வந்துச்சு. முரண்பாடு வந்தா ரெண்டு பக்கத்தையும் வச்சு ஒப்பிட்டுத் தீர்க்கிற மெர்ஜ் எடிட்டர் 2022ல வந்துச்சு. கமிட் வரலாற்றைக் கோடு கோடா வரைஞ்சு காட்டுற கிராஃப் 2024ல வந்துச்சு. ஒரு வரியை யாரு எப்ப எழுதினாங்கன்னு சொல்ற பிளேம் வசதியும் அதே வருஷம்தான். ஆனா நம்ம கைக்கு வர்ற பட்டியல்கள் பல அதுக்கு முன்னாடி எழுதினது. கிட் கிராஃப்னு ஒரு அருமையான எக்ஸ்டென்ஷன். அதோட கடைசி வெளியீடு 2021. வெறும் படம் பாக்க மட்டும்னா இன்னிக்கு அது தேவையில்லை. கிட்லென்ஸ் நிஜமாவே பெரிய ஆயுதம். எரிக் அமோடியோன்னு ஒருத்தர் ஆரம்பிச்சது, 2021ல கிட்கிராக்கன் கைக்குப் போச்சு. ஒரு ஃபைலோட மொத்த ஜாதகத்தையும் அடிக்கடி தோண்டுற வேலைன்னா போடுங்க. "இந்த வரியை எழுதின புண்ணியவான் யாரு?"ன்னு பாக்க மட்டும்னா உள்ளே இருக்கறதே போதும்.

இதுல என்ன கஞ்சத்தனம், ஓசிதானேன்னு கேப்பீங்க. காசு இல்லைங்க பிரச்சினை, உரிமைதான். போன்ல ஒரு ஆப் போட்டா "கேமராவைத் தரட்டுமா, காண்டாக்டைத் தரட்டுமா"ன்னு தனித்தனியா கேக்கும். விஎஸ் கோட் எக்ஸ்டென்ஷன் அப்படிக் கேக்காது. எடிட்டருக்கு என்னென்ன உரிமை இருக்கோ அத்தனையும் அதுக்கும் உண்டு. ஃபைலைப் படிக்கலாம், எழுதலாம், நெட்டுக்கு அனுப்பலாம். 2025 அக்டோபர்ல கிளாஸ்வோர்ம்னு ஒண்ணு ஓப்பன் விஎஸ்எக்ஸ் தளத்துல இருந்த எக்ஸ்டென்ஷன்கள்ல புகுந்துச்சு. கண்ணுக்குத் தெரியாத யூனிகோட் எழுத்துகளுக்குள்ள நிரலை ஒளிச்சு வச்சிருந்தாங்க. அது திருடப் பாத்தது நம்ம கிட், கிட்ஹப், என்பிஎம் சாவிகளை. அந்தச் சாவியை வச்சு அடுத்தவங்க எக்ஸ்டென்ஷனுக்கும் பரவுற வேலை வேற. அதனால போடுறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க: வெளியிட்டவர் யாரு, மூல நிரல் திறந்து இருக்கா, கடைசியா எப்ப புதுப்பிச்சாங்க. அதே பேரு, அதே ஐகான்ல போலியும் வரும். திருநெல்வேலி அல்வாக் கடை வாசல்ல நின்னு, இதுல ஒரிஜினல் எதுன்னு தேடுற மாதிரி தேடணும்.

இனிமேதான் முக்கியமான மேட்டர்.

2017ல ஒரு புகார் விஎஸ் கோட் கிட்ஹப் பக்கத்துல வந்து உலகம் பூரா ஓடிச்சு. எழுதினவர் கிட்டுக்குப் புதுசு. மூணு மாசமா எழுதின ப்ராஜெக்ட், சுமார் 5000 ஃபைல். சோர்ஸ் கன்ட்ரோல் பக்கத்தைத் திறந்திருக்கார், 5000 மாற்றம்னு காட்டுது. இதெல்லாம் வேணாமேன்னு "டிஸ்கார்ட்" அழுத்தியிருக்கார். எச்சரிக்கையும் வந்துச்சு, அதையும் தாண்டிட்டார். அவர் நினைச்சது "இந்த மாற்றப் பட்டியலை விடு"ன்னு. எடிட்டர் புரிஞ்சுக்கிட்டது "இந்த ஃபைல்களையே விடு"ன்னு. அவ்வளவும் போச்சு. மனுஷன் கெட்ட வார்த்தையில திட்டித் தீத்துட்டார். நிறைய பேரு சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. மூணு மாசம்ங்க!

ஏன் மீட்க முடியலைங்கறதைப் புரிஞ்சுக்கணும். ஒரு தடவை கமிட் பண்ணிட்டா கிட் லேசுல விடாது. கிளையை அழிச்சாலும், ரீசெட் அடிச்சாலும், ரெஃப்லாக்னு ஒரு கணக்குப் புத்தகம் இருக்கு. இயல்பா 90 நாள் வச்சிருக்கும், எந்தக் கிளையிலயும் சேராத கமிட்டுக்கு 30 நாள். தேடி எடுத்துடலாம். ஆனா கிட்கிட்ட ஒப்படைக்கவே ஒப்படைக்காத புது ஃபைல் அந்தக் கணக்குலயே இல்லை. அதை டிஸ்கார்ட் பண்ணா பின்னாடி ஓடுறது கிட் கிளீன், அதாவது நேரடி நீக்கம். பேங்க்ல போட்ட பணத்துக்குப் பாஸ்புக் இருக்கும், சட்டைப் பையிலயே இருந்த பணத்துக்கு எந்தப் பாஸ்புக்?

அதுக்கப்புறம் எடிட்டர் எவ்வளவோ திருந்திடுச்சு. எச்சரிக்கை விளக்கமாச்சு. சேமிக்கிறப்பல்லாம் ஒரு பிரதி எடுத்து வைக்கிற லோக்கல் ஹிஸ்டரி 2022ல வந்துச்சு. புது பதிப்புகள்ல டிஸ்கார்ட் பண்ண புது ஃபைலைக் குப்பைத்தொட்டிக்கு அனுப்புற வசதியும் இருக்கு. இருந்தாலும் ஒரு பட்டனுக்குப் பின்னாடி என்ன கட்டளை ஓடுதுன்னு தெரியாம அதை அழுத்துறது ஆபத்துதான். தெரிஞ்சுக்கறதும் சுலபம். கட்டளைப் பலகையில "ஷோ கிட் அவுட்புட்" போடுங்க. நீங்க அழுத்துற ஒவ்வொரு பட்டனுக்கும் ஓடுற கிட் கட்டளை வரிவரியா வரும். "சிங்க்"னு அழகா சுத்துற பட்டன், முதல்ல புல், அப்புறம் புஷ். ஒரு வாரம் அதைப் பாத்தா போதும், எந்தக் கோர்ஸும் வேணாம். இப்படிக் காட்டாத எக்ஸ்டென்ஷனை நான் கிட்டுக்கு வைக்கிறதில்லை.

இப்ப ஷார்ட்கட். வேற எடிட்டர்ல பழகின கைன்னா சப்ளைம், இன்டெலிஜே ரெண்டுக்குமே கீமேப் எக்ஸ்டென்ஷன் இருக்கு. அதைப் போடுங்க, தப்பே இல்லை. வருஷக் கணக்கா பழகின விரல் ஒரு சொத்து. விம் ஆளுங்களுக்கு விம் எக்ஸ்டென்ஷன் இருக்கு. ஹெச், ஜே, கே, எல்னு நகர்றதைப் பாத்து புதுசுங்க மிரளும். 1970கள்ல பில் ஜாய் விஐ எழுதின ஏடிஎம்-3ஏ டெர்மினல்ல அம்புக்குறி அந்த நாலு எழுத்து மேலதான் அச்சடிச்சிருந்துச்சு, அவ்வளவுதான் ரகசியம். ஆனா இதுல மோதல் வரும். நார்மல் மோடுல ஒட்டலாம்னு கன்ட்ரோல் வி அழுத்தினா ஒட்டாது, செவ்வகமாத் தேர்ந்தெடுக்கக் காத்துக்கிட்டு நிக்கும். நம்ம ஊரு மோதல் தனி. தமிழ்99 போட்டு எழுதிட்டு மாத்த மறந்தா ஜே அழுத்தினா "ப" போகும், கே அழுத்தினா "ம" போகும், கர்சர் மட்டும் நகராது. எந்தச் சாவி எங்க மோதுதுன்னு பாக்க கன்ட்ரோல் கே, கன்ட்ரோல் எஸ். அந்தப் பக்கத்துல சாவியை அழுத்தித் தேடலாம்.

தமிழ்ல ஃபைல் பேரு வைக்கிறவங்களுக்கு ஒரு சின்ன உபரி. டெர்மினல்ல கிட் ஸ்டேட்டஸ் பாத்தா "க"வுக்குப் பதிலா \340\256\225னு வருதா? அதுக்கு எக்ஸ்டென்ஷன் தேடாதீங்க. கிட் கான்ஃபிக்ல கோர்.கோட்பாத்தை ஃபால்ஸ் ஆக்குங்க, தமிழ் தமிழா வரும்.

எந்த வேலைக்கு ஷார்ட்கட் வைக்கலாம்? என் கணக்கு ரொம்ப எளிது. பாக்கற வேலைக்கும் சேமிக்கிற வேலைக்கும் தாராளமா வைங்க. அடுத்த மாற்றத்துக்குத் தாவ, ஸ்டேஜ் பண்ண, கமிட் பண்ண எல்லாத்துக்கும் விரல் நுனியில இருக்கட்டும். சேமிக்கிறது சுலபமானா அடிக்கடி சேமிப்போம், பாஸ்புக்ல வரவு ஏறும். டிஸ்கார்ட், ஹார்டு ரீசெட், ஃபோர்ஸ் புஷ் மூணுக்கும் ஷார்ட்கட்டே வேணாம். மெனுவைத் தேடி, பேரைப் படிச்சு, கேள்விக்குப் பதில் சொல்லித்தான் போகணும். பழகின விரல் யோசிக்காது, அதுதான் அதோட பலம். யோசிக்க வேண்டிய வேலையை அதுகிட்ட கொடுக்கக் கூடாது. அடுப்பங்கரையில உப்பு கைக்கெட்டுற தூரத்துல இருக்கும், எலி மருந்து பரண்மேல இருக்கும். அந்த மாதிரிதான்.

என்கிட்ட இப்ப கிட்டுக்குன்னு தனி எக்ஸ்டென்ஷன் ஒண்ணு, விம் ஒண்ணு, அவ்வளவுதான். ஏற்கனவே முப்பது போட்டு எடிட்டர் இழுக்குதுன்னா "ஷோ ரன்னிங் எக்ஸ்டென்ஷன்ஸ்" போட்டு எது நேரம் தின்னுதுன்னு பாருங்க. எதால கோளாறுன்னு புரியலைன்னா "எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்" இருக்கு. பாதிப் பாதியா நிறுத்தி ஆளைக் கண்டுபிடிச்சுடும்.

உங்க எடிட்டர்ல எத்தனை இருக்குன்னு எண்ணிப் பாத்துச் சொல்லுங்க. அதுல டிஸ்கார்டுக்கு ஷார்ட்கட் வச்சிருக்கறவங்க யாராவது இருந்தா, படிச்ச கையோட அதை எடுத்துடுங்க மக்கா.

டிஸ்கி: "இதெல்லாம் எங்க ஈமாக்ஸ்ல மேஜிட் 2008லேயே வந்தாச்சு, ஓடுற கட்டளையையும் காட்டும்"னு ஒரு கோஷ்டி கிளம்பி வரும். உண்மைதான் சாமி, ஒத்துக்கிறேன். விட்ருங்க!