பழைய மிதிவண்டிக்குப் புதிய சக்கரங்கள்



வீட்டிலுள்ள பழைய பொருளை என்ன செய்வது என்பதில் நம் குடும்பங்களில் இரண்டு கட்சிகள் உண்டு. 'தூக்கிப் போடு' என்பது ஒரு கட்சி. 'தொடாதே, அப்படியே இருக்கட்டும்' என்பது மற்றொன்று. பழுது பார்த்துப் பயன்படுத்துவோம் என்னும் மூன்றாவது கட்சிக்கு ஆள் குறைவு. நான் அந்தக் கட்சியைச் சேர்ந்தவன். ஆயினும், பழுது பார்க்கும் பொருள் ஒரு சிறுவனைச் சுமக்கப்போகும் மிதிவண்டி என்றால், எதைப் பழையதாகவே விடலாம், எதை மாற்றியே ஆகவேண்டும் என்று நிதானமாகச் சிந்திக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். அண்மையில் எங்கள் குடும்பத்தில் எழுந்த இக்கேள்வியை உங்கள்முன் வைக்கிறேன்.

புதுச்சேரி, காரைக்கால் வாசகர்கள் அறிந்ததுதான், ஏனையோருக்காகச் சொல்கிறேன். 1954 நவம்பர் முதல் நாள் பிரெஞ்சு ஆட்சி இங்கிருந்து விலகிற்று. 1962 ஆகஸ்டு 16இல் உடன்படிக்கை சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் பல. என் தாய்மாமாவின் குடும்பமும் அவற்றுள் ஒன்று. 1986இல் விடுமுறைக்கு வந்த மாமா, தம் மகனுக்கென வாங்கிய சிறிய சைக்கிளையும் கொண்டுவந்தார். திரும்பும்போது அதை இங்கேயே விட்டுச் சென்றார். உலகம் பி.எம்.எக்ஸ். என்று அழைக்கும் இவ்வகையைப் பிரெஞ்சுக்காரர்கள் 'பிக்ரோஸ்' என்பர். 1970ஐ ஒட்டி, அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவில், மோட்டார் சைக்கிள் பந்தயங்களைக் கண்ட சிறுவர்கள் தம் சிறு சைக்கிள்களில் மண்பாதையில் பந்தயம் விட்டதிலிருந்து பிறந்தது இது. 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கிலும் இடம்பெற்றது.

மாமா மறைந்த பின்னர், மாமி புதுச்சேரி வீட்டிலேயே தங்கிவிட்டார். மொட்டை மாடியில் கிடந்த அந்தச் சைக்கிளைக் கண்ட என் தங்கை மகன், "எனக்குத் தருவீர்களா?" என்று கேட்டான். அவனுக்கு வயது 14. பிரான்சிலிருக்கும் மச்சானோ, "அத்தாவின் நினைவுப் பொருள், எதையும் மாற்றாமல் துடைத்து வையுங்கள்" என்றார். என் தங்கை, "கீழே விழுந்து பல்லை உடைத்துக்கொண்டால் யார் பதில் சொல்வது?" என்றாள். மூவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மாமிதான் தீர்ப்பளித்தார்: "தம்பி, உன் மாமா பிள்ளை ஓட்டுவதற்கென்றே இதைச் சுமந்து வந்தார். இவனும் ஓட்டட்டும். ஆனால் இவனுக்கு ஒன்றும் ஆகிவிடாதபடி செய்துகொடு. இது உன்னிடம் அமானிதம்."

அமானிதம் என்று சொன்ன பிறகு அலட்சியம் காட்ட முடியுமா? வண்டியைப் பிரித்துப் பார்த்தோம். எஃகுச் சட்டம் உறுதியாகவே இருந்தது. துருவைச் சுரண்டி வர்ணம் பூசினால் போதும். கவலை தந்தவை சக்கரங்கள். அவை கம்பிகள் இல்லாத, ஐந்து கை விரித்தாற்போன்ற பிளாஸ்டிக் சக்கரங்கள். கண்ணாடி இழை கலந்த நைலானில் அமெரிக்காவின் ஸ்கைவே நிறுவனம் 1970களில் புகழ்பெறச் செய்த வகையைப் பின்பற்றியவை. புதிதாக இருக்கையில் இவ்வகை மிக உறுதியானது, கடற்காற்றில் துருப்பிடிக்காது. ஆனால் ஆண்டுக்கணக்காக வெயிலில் கிடந்தால் பிளாஸ்டிக் இறுகி, நொறுங்கும் தன்மை பெறும். நடுவிலுள்ள ஹப்பை ஒட்டி மயிரிழை போன்ற விரிசல் இரண்டு தெரிந்தன. விரிசல் கண்ட பிளாஸ்டிக் சக்கரத்தைப் பெண்டு எடுக்கவும் இயலாது; ஒட்டுப்போட்டு நம்பவும் இயலாது.

எனவே கம்பிச் சக்கரம் என்று முடிவாயிற்று. எதைத் தேர்வது? நான் கேட்டும் அளந்தும் அறிந்தவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

முதலில் அளவு. 20 அங்குலச் சக்கரம் எல்லாம் ஒன்றே என்று எண்ணிவிடாதீர்கள். 20 × 1.75 என்று புள்ளி வைத்து எழுதிய டயர், 406 மில்லிமீட்டர் ரிம்முக்கு உரியது. 20 × 1¾ என்று பின்னத்தில் எழுதியதோ 419 மில்லிமீட்டருக்கு உரியது. கணக்குப் பாடத்தில் இரண்டும் சமம். சைக்கிள் கடையில் சமமல்ல. நம் நாட்டுப் பெரிய சைக்கிளின் 28 × 1½ சக்கரத்துக்குப் பிரெஞ்சுப் பெயர் 700 பி. எழுத்து வேறானாலும் இரண்டும் 635 மில்லிமீட்டரே! ஆகவே பெயரை நம்பாது, டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் மில்லிமீட்டர் எண்ணையே பாருங்கள்.

இரண்டாவது அச்சு. இக்காலத்து உறுதியான பி.எம்.எக்ஸ். பின்சக்கரங்கள் பலவற்றில் அச்சின் தடிமன் 14 மில்லிமீட்டர். எங்கள் பழைய சட்டத்தின் காடியோ, ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் அச்சுக்கு வெட்டப்பட்டது. 'அரத்தால் ராவிக் கொள்ளலாம்' என்று சிலர் யோசனை கூறினர். சக்கரத்துக்கு வலுவூட்டுவதற்காகச் சட்டத்தின் வலுவைக் குறைப்பது என்ன நியாயம்? மெல்லிய அச்சும், ப்ரீவீல் பொருத்தும் மரையும் உள்ள ஹப்பையே தேடி வாங்கினோம்.

மூன்றாவது ரிம். குரோம் முலாம் பூசிய எஃகு ரிம் பளபளப்பானது. ஆனால் மழையில் நனைந்தால் பிரேக் கட்டை அதில் வழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் புதுச்சேரித் தெருவில் ஓட்டும் பிள்ளைக்கு இது சிறிய விஷயமன்று. அலுமினிய ரிம்மில் நனைந்தபோதும் பிரேக் நன்றாகப் பிடிக்கும். அதிலும் உள்ளே இரட்டைச் சுவர் உள்ள ரிம், நடைமேடையிலிருந்து குதித்து இறங்கினாலும் எளிதில் நெளியாது.

நான்காவது கம்பி. 48 கம்பிச் சக்கரம் வேண்டும் என்று தங்கை மகன் அடம்பிடித்தான். 36 போதும் என்றார், காஜியார் தெருப் பக்கம் நெடுங்காலமாகக் கடை வைத்திருக்கும் பெரியவர். ஓட்டுபவரின் எடையை ஏதோ ஒரு கம்பி தனியாகத் தாங்குவதில்லை. எல்லாம் ஒரே சீராக இறுகி நிற்பதே சக்கரத்தின் பலம். சீராகக் கட்டிய 36, தாறுமாறாகக் கட்டிய 48ஐ விட நீண்ட காலம் உழைக்கும். கடலோர ஊராதலால் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும் பித்தளை நிப்பிள்களையும் தேர்ந்தோம். ஒவ்வொரு கம்பியும் மூன்று கம்பிகளைக் குறுக்கே கடக்குமாறு, கடைப் பெரியவரே தம் கையால் பின்னிக் கொடுத்தார். "இரண்டு வாரம் ஓட்டிவிட்டுக் கொண்டுவா; கம்பி சற்று இளகியிருக்கும், மறுபடி இறுக்கவேண்டும்" என்றும் சொன்னார். சொன்னவாறே சில கம்பிகள் இளகியிருந்தன.

பெற்றோர்களே! உங்கள் வீட்டுச் சைக்கிள் எந்த வகையானாலும், மாதம் ஒருமுறை இதைச் செய்யுங்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, ரிம்முக்கும் பிரேக் கட்டைக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். அது கூடிக் குறைந்தால் பெண்டு விழுந்திருக்கிறது. ஒவ்வொரு கம்பியையும் விரலால் சுண்டுங்கள். மற்றவை கணீரென்று ஒலிக்க ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் அது தளர்ந்திருக்கிறது. ஐந்து நிமிட வேலை, காசு செலவில்லை.

விரிசல் கண்ட பழைய சக்கரங்களை எறிந்துவிடவில்லை. மாமியின் வீட்டுத் திண்ணைச் சுவரில் அவை மாட்டப்பட்டிருக்கின்றன. படம் எடுத்து அனுப்பியதில் மச்சானுக்கும் மனநிறைவு. தங்கை மகன் அஸர் தொழுகை முடிந்ததும் வண்டியை எடுக்கிறான். எடுக்குமுன் கம்பிகளைச் சுண்டிப் பார்க்கிறான். வாசலில் நின்று அதைக் கேட்கும் அவன் தாய் இப்போது தடை சொல்வதில்லை.